கும்பிட்டு ஓர் அடி

ஜப்பானின் சோட்டோ ஜென் தியான மண்டபத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கண்காணிக்கும் துறவி, கியோசாகு என்ற தட்டையான நீண்ட மரக்கோலை இரு கையாலும் நிமிர்த்திப் பிடித்தபடி பின்னால் மெல்ல நடப்பார். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது ஒருவர் கைகூப்பினால், அதுவே அழைப்பு. கோல் முதலில் வலது தோளை லேசாகத் தொடும். அவர் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கொடுப்பார். பளீரென்று ஓர் அடி. வாங்கியவர் வணங்குவார், அடித்தவரும் வணங்குவார்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது வணக்கம். திருத்துகிறவர், திருத்தப்படுகிறவருக்குத் தலை தாழ்த்துவது எவ்வளவு அழகு! மண்டப நடுவில் வீற்றிருக்கும் ஞான போதிசத்துவர் மஞ்சுசிரியின் சார்பில்தான் கோல் விழுகிறது என்பது அவர்கள் மரபு. ஏந்தியவருக்கு அதில் சொந்த அதிகாரம் கிடையாது. ஜென்னின் இன்னொரு கிளையான ரின்சாய் மரபில் இதே கோலுக்குக் கெய்சாகு என்று பெயர். அங்கே எதிரெதிர் வரிசையாக அமர்வதால், இருவரும் நேருக்கு நேராகவே குனிகிறார்கள்.