விண்டோஸ் 10-ஐ விடலாமா, வைக்கலாமா: மலைமேல் இருந்து ஒரு விமர்சனம்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதையொட்டி வந்த அறிவுரைகள் ரெண்டே வகை. "உடனே 11-க்கு மாறு, முடியலைன்னா புதுசு வாங்கு." இல்லையென்றால், "ஓடுற வரைக்கும் ஓடட்டும், ஒண்ணும் ஆகாது." கொல்லிமலையில் குண்டனி நாட்டு வீடு ஒன்றில் இருக்கும் பழைய லேப்டாப்பை மனதில் வைத்துப் பார்த்தால், ரெண்டுமே அரைகுறை என்றுதான் சொல்வேன்.

முதல் அறிவுரையை எடுப்போம். 11-க்கு டிபிஎம் 2.0 சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்கணும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் முதலில் வந்தவற்றில் ராம் 2 ஜிபிதான். அதை விடுங்கள், 2017-ல் காசு கொடுத்து வாங்கியதில்கூட பெரும்பாலானவை தேறாது. தேறினாலும், இறக்க வேண்டிய ஃபைல் 5 ஜிபிக்கு மேல். போனில் தினம் 1.5 ஜிபி டேட்டா போடுகிறவருக்கு அது நாலு நாள் டேட்டா. இல்லையென்றால் பென்டிரைவோடு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும்.

அதற்காக ரெண்டாவது அறிவுரை சரியாகிவிடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை உலகத்தையே ஆட்டியது. அதில் மாட்டியவை பெரும்பாலும் ஆதரவு முடிந்த எக்ஸ்பி அல்ல, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். ஆக, காப்பாற்றுவது 10, 11 என்ற எண் இல்லை, அப்டேட்தான். அது நின்றுபோன மெஷினில் புதிதாகத் தெரியவரும் ஓட்டை எல்லாம் திறந்தே கிடக்கும்.

சரி, அப்போ என்ன பண்றது? மெஷினைப் பார்க்கும் முன் அதில் நடக்கிற வேலையைப் பாருங்கள். பாட்டு, படம், டைப்பிங் மட்டும், நெட்டே கிடையாது என்றால் அப்படியே விடலாம். பேங்க் கணக்கு, ஸ்காலர்ஷிப், சாதிச் சான்று விண்ணப்பம் எல்லாம் அதில்தான் என்றால் விடக்கூடாது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்குக் காசு கிடையாது. அதற்குப் பிறகு 11-க்குத் தேறாத மெஷினுக்கு லினக்ஸ்தான் வழி. அது நமக்குப் புதுசும் இல்லை. முதல் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. தமிழ்99-ம் லினக்ஸில் வேலை செய்யும். இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவில் ஓட்டி, பிரின்டர், வைஃபை எடுக்குதா என்று பார்த்துக்கொள்ளலாம். மாற்றும் முன் போட்டோ, சான்றிதழ்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

டிபிஎம் கேட்பதில் பாதுகாப்புக் காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை அறிவுரை சொல்பவர்கள் பேசுவதில்லை. நகரத்தில் ஒருவர் 11-க்கு மாறும்போது கழித்துவிடும் மெஷின் செகண்ட் ஹேண்டாக விலைக்கு வருகிறது. மகளின் காலேஜுக்கென்று அதை வாங்குகிறவருக்கு ஆதரவு முடிந்தது தெரியாது. பணம் கொடுக்கும் முன் "இது எத்தனையாவது தலைமுறை?" என்று கேளுங்கள்.