வளையம் எதற்குச் சாட்சி?

கூண்டில் பொரிந்த வல்லூறுக் குஞ்சையும் பாறைக் கூட்டிலிருந்து திருடிய குஞ்சையும் அருகருகே வைத்தால், எது எதுவென்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. சட்டத்துக்கோ ஒன்று விற்பனைச் சரக்கு, மற்றது குற்றத்தின் தடயம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்விரண்டுக்கும் நடுவே கோடு போடுவது குஞ்சின் காலில் ஏறும் ஓர் உலோக வளையம். அதன்மீது சட்டம் வைத்திருக்கும் நம்பிக்கை தகுமா என்று எடைபோட வேண்டும். அதற்கு முன், இரைகொல்லிப் பறவைகளைக் கூண்டில் பெருக்குவதே தேவைதானா என்பதைத் தனியாகத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தே பேசுகிறார்கள்.

ஆதரவாளர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது பெரிகிரீன் வல்லூறை. டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் இரை வழியாக உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியச் செய்தன. அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. பிரிட்டனில் டெரெக் ராட்க்ளிஃப் 1967இல் ஓடு மெலிந்ததை அளந்து காட்டினார். 1960களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் வல்லூறே இல்லாமல் போனது. 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் தொடங்கிய கூண்டு இனப்பெருக்கம், பிறகு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை வெளியே விட்டது. 1999இல் அமெரிக்காவின் அருகிய இனப் பட்டியலிலிருந்து பெரிகிரீன் நீங்கியது.

இந்தக் கணக்கில் ஒரு வரி அடிக்கடி விடுபடுகிறது. 1972இல் டிடிடி தடை வராமல் இருந்திருந்தால், கேட் விட்ட குஞ்சுகளும் வளர்ந்து மெல்லிய ஓட்டு முட்டைகளையே இட்டிருக்கும். பிரிட்டனில் நஞ்சு கட்டுப்படுத்தப்பட்டதும், பெரிய அளவில் கூண்டுக் குஞ்சுகளை விடாமலே வல்லூறுகள் தாமாக மீண்டன. அங்கே விதைக்கு வேண்டிய பறவைகள் எஞ்சியிருந்தன. அமெரிக்கக் கிழக்கில் விதையே அற்றுப்போயிருந்தது. ஆகவே கூண்டு இனப்பெருக்கம் தேவைப்படுவது விதை அழிந்த இடத்தில், அதுவும் அழித்த காரணத்தை அகற்றிய பிறகு.

மொரீசியஸ் கெஸ்ட்ரலின் கதை இன்னும் கூர்மையானது. 1974இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே பறவைகள். கார்ல் ஜோன்ஸ் காட்டுக் கூடுகளிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தார். முட்டையை இழந்த ஜோடி மறுபடியும் முட்டையிடும் என்பதே அந்த உத்தியின் உயிர். பத்தாண்டுக் காலத்தில் வெளியே விட்ட 331 பறவைகளில் கூண்டு ஜோடிகளுக்குப் பிறந்தவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மற்றவை காட்டு முட்டையிலிருந்து வந்தவை. கூண்டுக்குப் போகும் புகழில் கணிசமான பங்கு முட்டை எடுத்த கைக்கும், கூட்டுப் பெட்டிகளுக்கும், வைத்த தீனிக்கும் சேர வேண்டியது. வளையம் அங்கே செய்த வேலை வேறு: எந்தப் பறவை பிழைத்தது, எது எதனோடு ஜோடி சேர்ந்தது என்பதை வண்ண வளையங்கள் ஆண்டுதோறும் சொல்லின. அந்த வேலையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

சிக்கல் சந்தையில்தான். வளைகுடா நாடுகளின் வல்லூறு வேட்டைக்காகச் சேக்கர், பெரிகிரீன், ஜிர் வல்லூறுகளும் அவற்றின் கலப்பினங்களும் பெருமளவில் கூண்டில் பெருக்கப்படுகின்றன. ‘கூண்டுப் பறவை கிடைத்தால் காட்டுப் பறவையை யார் பிடிப்பார்?’ என்பது வணிகர்களின் வாதம். ஓரளவு உண்மை. ஆனால் காட்டுப் பறவைக்கே வேகமும் உரமும் அதிகம் என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டபூர்வமான சந்தை பெரிதாக ஆக, திருட்டுச் சரக்கு ஒளிந்துகொள்ளும் இடமும் பெரிதாகிறது. அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் பெரிகிரீன் இருக்கிறது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுபோக முடியாது. கூண்டில் பிறந்தது என்றால் இரண்டாம் பட்டியலின் தளர்ந்த விதி பொருந்தும். அந்த ஒற்றைச் சொற்றொடருக்குத்தான் விலை.

அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வளையத்தின் தலையில் விழுகிறது. குஞ்சு ஏறத்தாழ பத்து நாள் வயதாக இருக்கும்போது, வளையல்காரர் விரல்களைக் குவித்து வளையலை ஏற்றுவதுபோல, முன்விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைக் காலோடு படியவைத்து இழுத்து, மூட்டு இல்லாத வளையத்தை ஏற்றுகிறார்கள். முந்தினால் கழன்று விழும், பிந்தினால் ஏறாது. வல்லூறில் பெண் ஆணைவிடப் பெரிது; ஆகையால் அந்த வயதிலேயே பால் ஊகித்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கால் பருத்த பிறகு, அறுக்காமல் கழற்ற வழியில்லை. அமெரிக்க விதி பொரிந்த இரண்டு வாரத்துக்குள் போடச் சொல்கிறது. ஐரோப்பிய விதி மூடிய வளையத்தையே முதன்மையாகக் கேட்கிறது. அது பொருந்தாத பறவைக்கு மட்டும் மைக்ரோசிப். (எல்லாக் காலுக்கும் வளையம் ஒத்துவராது. அமெரிக்கப் பிணந்தின்னிக் கழுகுகளும் காண்டோர்களும் வெப்பம் தணிக்கத் தம் கால்மீதே எச்சமிடும். வளையத்தில் அது இறுகிப் புண்ணாக்கும். அவற்றுக்கு இறக்கையில் அட்டை.)

சரி, இவ்வளவும் எதை நிறுவுகிறது? கால் சிறுத்திருந்த நாளில் ஒரு மனிதக் கை அந்தக் குஞ்சைத் தொட்டது என்பதை மட்டும். அந்தக் கை கூண்டுக்குள் இருந்ததா, கயிற்றில் இறங்கிப் பாறை விளிம்பை எட்டியதா என்பதற்கு உலோகத்தில் விடை இல்லை. காட்டு முட்டையைத் திருடி இன்குபேட்டரில் பொரித்தால், மிக ஒழுங்கான வளையத்தை மிகச் சரியான நாளில் போடலாம். ஏமாற்ற வளையத்தை அகட்ட வேண்டியதே இல்லை.

இது கற்பனை அபாயமும் இல்லை. 2021இல் ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியில் ஒரு வீட்டைச் சோதித்தபோது பெரிகிரீன் குஞ்சுகள் கிடைத்தன. அங்கிருந்த கூண்டுப் பறவைகளுக்கு அவை பிறக்கவில்லை என்று டிஎன்ஏ சோதனை காட்டியது. காட்டுக் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்து, கூண்டில் பிறந்தவையாகக் காட்டி விற்ற தந்தைக்கும் மகனுக்கும் 2024இல் கிடைத்த தண்டனை சமூகப் பணி. வழக்கை நிலைநிறுத்தியது வளையமல்ல, டிஎன்ஏ சொன்ன உறவுமுறை. பிரிட்டனில் 1990களிலேயே இந்தச் சோதனை நீதிமன்றம் ஏறிவிட்டது என்பதை நினைத்தால், இன்றும் அதைச் சந்தேகம் வந்த பிறகு எடுக்கும் ஆயுதமாகவே வைத்திருப்பது வியப்பு.

நேர்மையாகப் பெருக்குபவர்களின் முறையீட்டையும் தள்ள முடியாது. சிலருடைய திருட்டுக்காக எல்லோரும் செலவும் அலைச்சலும் சுமக்க வேண்டுமா என்கிறார்கள். விலை குறைந்த, யாரும் திருட நினைக்காத இனங்களுக்கு அவர்கள் சொல்வது சரி. அங்கே வளையமே போதும். பெரிகிரீன், ஜிர், சேக்கர் போன்றவற்றுக்கு அந்த வாதம் நிற்காது. வளையம் போட எப்படியும் குஞ்சைக் கையில் எடுக்கிறார்கள். அதே நிமிடத்தில் ஒரு துளி இரத்தம் எடுப்பது பெரிய சுமை ஆகாது.

என் தீர்ப்பு இது. காட்டுக்குத் திரும்புவதற்கான கூண்டு இனப்பெருக்கம், மேலே சொன்ன இரண்டு நிபந்தனைகளோடு, தேறுகிறது. அடையாள எண்ணாக வளையம் தேறுகிறது. பிறப்புச் சான்றாக வளையம் தோற்கிறது. விலையுயர்ந்த இனங்களில் தாய், தந்தை, குஞ்சு மூன்றின் டிஎன்ஏயும் விற்பனைக்கு முன்பே பதிவாக வேண்டும்.

அப்போதும் ஓர் ஓட்டை மிஞ்சும். திருடிய ஆணும் திருடிய பெண்ணும் கூண்டில் ஈன்ற குஞ்சுக்கு டிஎன்ஏ பிழையின்றிப் பொருந்தும். சைட்டிஸ் வரையறையோ முதல் தலைமுறைப் பெற்றோர் சட்டப்படி வந்திருக்க வேண்டும் என்கிறது. அதைச் சோதிக்க இரத்தம் உதவாது. ஒவ்வொரு இனப்பெருக்கக் கூடத்தின் முதல் ஜோடிகளும் எங்கிருந்து, எந்த ஆவணத்தோடு வந்தன என்ற பதிவேட்டை நாடுகள் ஒன்றுக்கொன்று திறந்து காட்ட வேண்டும்.