வன்புறை: பணிநீக்கக் காலத்தில் உற்சாகம் என்னும் வேலை

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்த கணினி அறிவியல் மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 'டீம் லீட்'. அவள் குழுவில் இருந்த பதினான்கு பேரில் ஐந்து பேரை ஒரே வாரத்தில் வெளியே அனுப்பியிருந்தார்கள். கைப்பேசியில் மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினாள். எஞ்சியிருப்பவர்களின் 'மொரால்' குறையாமல் அவள் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கேக், விளையாட்டு என்று ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டுமாம்.

"அங்கே இன்னும் மூன்று லீட் இருக்காங்கன்னு சொன்னியே, உன்கிட்ட மட்டும் ஏம்மா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க மூணு பேரும் ஆம்பளைங்க மேம். இதெல்லாம் எனக்குத்தான் நல்லா வருமாம். அடுத்த மாசம் எனக்கே சீட் இருக்குமான்னு தெரியல" என்றாள்.

"தைரியமா இரு" என்றேன். சொல்லி முடித்ததுமே அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. அந்த மேலாளர் செய்ததைத்தானே நானும் செய்தேன்?

அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது முதலில் கேட்கும் கேள்விகள் எளியவை: இது யார் கூற்று? யாரிடம் சொல்லப்படுகிறது? எந்தச் சூழலில்? அந்த மின்னஞ்சலிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். பாடல்களின் கீழுள்ள கூற்றுக் குறிப்புகளில் 'வற்புறுத்தல்', 'வன்புறை' என்ற சொற்கள் அடிக்கடி வரும். பொருள் தேடித் தலைவன் பிரிந்து போகிறான். அவன் திரும்பி வருவான், பொறுத்திரு என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அந்தத் தேற்றுதலுக்குத்தான் வற்புறுத்தல் என்று பெயர். வலிமை உண்டாக்குதல் என்ற பொருளில். இன்றைய தமிழில் அதே சொல்லுக்குக் கட்டாயப்படுத்துதல் என்று பொருள். நிறுவனங்கள் பேசும் மொராலில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகவே இருக்கின்றன. தேற்றுவதுபோலத் தொடங்கிக் கட்டாயப்படுத்தலில் முடிகிறது.

ஒரு வேறுபாடு முக்கியமானது. அகப்பாடலின் தோழி தலைவியின் பக்கம் நிற்பவள். தேவைப்பட்டால் தலைவனின் முகத்துக்கு நேராகவே அவனைக் கடிந்துகொள்வாள். ஹெச்.ஆர். அறையிலிருந்து வரும் தோழியோ பொருள்வயிற் பிரிந்து போகிறவனின் சம்பளத்தில் பேசுகிறவள்.

இந்தப் பிரிவுக்கு எல்லைகள் கிடையாது. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் சுமார் 250 கணினிப் பணியாளர்களிடம் வேலை போகப்போகிறது என்று அறிவித்தது. அவர்களில் பலருடைய இடத்துக்கு, இந்தியாவைத் தளமாகக் கொண்ட அவுட்சோர்சிங் நிறுவனம் ஒன்றின் வழியே எச்-1பி விசாவில் ஆட்கள் வந்தார்கள். வெளியேறும் முன் அந்த மாதங்களில், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு வேலையைக் கற்றுத்தரும் பொறுப்பும் பழையவர்களுக்கே வந்தது. நம்மூர் ஐ.டி. மொழியில் இதற்குப் பெயர் கே.டி. தன் நாற்காலியைத் தானே துடைத்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், அதையும் முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும்.

அங்கே போன வேலை இங்கே வந்து நம்மை வாழவைத்தது என்று கணக்குப் போடுவது எளிது. ஆனால் அதே குளிர்காலத்தில்தான் டி.சி.எஸ். நிறுவனத்தின் பணிநீக்கங்கள் சென்னையைக் கலங்கடித்தன. 2015 ஜனவரியில் கருவுற்றிருந்த ஒரு பெண் ஊழியர், தன் பணிநீக்கத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். ஆர்லாண்டோவில் நாற்காலியை இழந்தவரையும் சென்னையில் இழந்தவரையும் பகைவர்கள் ஆக்குவதில் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பயணிகளைப் பார்த்துப் புன்னகைப்பது விமானப் பணிப்பெண்களின் சம்பளத்துக்குள் அடங்கிய வேலை என்பதை ஆர்லி ஹோஷ்சைல்ட் 1983இல் வெளிவந்த தன் நூலில் விளக்கினார். 'உணர்ச்சி உழைப்பு' என்பது அவர் தந்த கருத்து. என் மாணவியின் நிலை அதைவிட ஒரு படி கீழே இருக்கிறது. உற்சாகம் ஊட்டுவது அவள் சம்பளத்தில் இல்லை, பணி விவரத்தில் இல்லை, ஆண்டு மதிப்பீட்டிலும் அதற்கு மதிப்பெண் இல்லை. 'நல்லா வரும்' என்ற ஒரு பாராட்டோடு அது அவள் தலையில் ஏற்றப்படுகிறது. வீட்டில் சமையலை நம் தலையில் ஏற்றியதும் இதே பாராட்டுத்தான்.

'நாம் ஒரு குடும்பம்' என்ற வாசகத்தையும் பெண்களாகிய நாம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். குடும்பம் என்ற பெயரில் யார் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா? ஆட்களை 'ரிசோர்ஸ்' என்று எண்ணுகிற இடத்தில், வேலையைப் பறிக்கும் நாளில் மட்டும் குடும்பம் வந்துவிடுகிறது. புராஜெக்டிலிருந்து கழற்றிவிடுவதற்கு 'ரிலீஸ்' என்று பெயர். விடுதலை என்கிறார்கள், எதிலிருந்து என்று சொல்வதில்லை.

ரிலீஸ் ஆனவர் உட்காரும் இடம் 'பெஞ்ச்'. 2025 ஜூனில் டி.சி.எஸ். கொண்டுவந்த விதியின்படி ஓர் ஊழியர் ஆண்டுக்கு 35 நாட்களுக்கு மேல் பெஞ்சில் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே, உலகெங்கும் உள்ள தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்கள் நீக்கப்படுவார்கள் என்று அந்நிறுவனம் அறிவித்தது. விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் அடுத்த புராஜெக்டை அறிமுகங்கள்தாம் தேடித்தருகின்றன. அறிமுகங்கள் அலுவலக நேரத்துக்குப் பிறகு, தேநீர்க் கடையிலும் இரவு விருந்திலும் வளர்கின்றன. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புகிறவளுக்கு, மாலை ஆறு மணிக்குக் குழந்தைக் காப்பகத்துக்கு ஓடுகிறவளுக்கு, அந்த 35 நாட்கள் இன்னும் குறுகிவிடுகின்றன.

வேலை இழந்த ஆணின் துயரம் சிறியது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆண் வீடு திரும்பியதும் அவனைத் தேற்றும் வேலை மனைவிக்குப் போகிறது. வேலை இழந்த பெண்ணை வீட்டில் தேற்றுவது யார்? 'சரி விடு, பிள்ளையைப் பார்த்துக்கோ' என்று சொல்லிவிடுகிறார்கள். அவளது இழப்பு இழப்பாகவே பதிவாவதில்லை. அதே வளாகத்தில் ஒப்பந்த முறையில் தரை துடைக்கும் பெண்களுக்கோ மொரால் பற்றிய மின்னஞ்சல்கூட வருவதில்லை. மேசைகள் காலியானால் துடைக்கவும் ஆள் குறைவாகப் போதும்.

அப்படியானால் உண்மையான வன்புறை எது? வலிமை தருவது தகவல். ராஜினாமா கடிதம் எழுதச் சொல்லி வற்புறுத்தினால் உடனே கையெழுத்திட வேண்டியதில்லை என்பது தகவல். 'லீட்' என்ற பட்டத்தால் மட்டும் ஒருவர் தொழிலாளர் என்ற வரையறையிலிருந்து வெளியேறிவிடுவதில்லை. அவர் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்த்துவந்திருக்கின்றன என்பது தகவல். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியது என்பதும் தகவல். இவற்றைச் சொல்லாமல் 'தைரியமா இரு' என்று சொல்வது வெறும் கேக்.

அடுத்த முறை அவள் தொலைபேசியில் அழைத்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். கூற்றுக் குறிப்புகளில் வரும் இன்னொரு தொடரையும் நினைவூட்டினேன்: 'வன்புறை எதிரழிந்து'. தேற்றுகிறவளின் பேச்சை ஏற்காமல், எனக்கு வலிக்கிறது என்று தலைவி திருப்பிச் சொல்லும் இடம் அது. குறுந்தொகையில் அப்படிப் பேசும் தலைவிகள் இருக்கிறார்கள். தேறிவிட வேண்டும் என்று அவர்களை எந்தப் புலவரும் கட்டாயப்படுத்தவில்லை.

"அந்த வெள்ளிக்கிழமை என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"கேக் வாங்கல மேம். மேனேஜருக்கு ரெண்டு கேள்வி கேட்டு ரிப்ளை போட்டேன். அந்த அஞ்சு பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? அடுத்த பட்டியல்ல நாங்க இருக்கோமா? குழுவுல எல்லாருக்கும் அந்த மெயில் போகிற மாதிரி வச்சேன்."

"பதில் வந்துச்சா?"

"இன்னும் வரல. ஆனா அன்னிக்குச் சாயந்தரம் ஒன்பது பேரும் ஒரே மேசையில உட்கார்ந்து டீ குடிச்சோம். யாரும் சிரிக்கணும்னு அவசியம் இல்லாம இருந்துச்சு."