விளையாட்டுவழித் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி: ஒரு விமர்சனம்

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பணிபுரிவோருக்குக் கை கழுவுதல், கையுறை மற்றும் முகக்கவசம் அணிதல், நோய் அறிகுறிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் ஆகியவற்றை விளையாட்டின் வழியாகக் கற்பிக்கும் முறை விளையாட்டுவழித் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி எனப்படுகிறது. இது பணியாளரின் அறிவை வளர்க்கிறது. ஆனால் இல்லங்களில் தொற்று பரவ அறியாமை மட்டுமே காரணமல்ல. மற்ற காரணங்களை விளையாட்டு மறைத்துவிடக்கூடும் என்பதே இம்முறை மீதான முதன்மையான விமர்சனம்.

பின்னணி

கற்பித்தலுக்காகவே உருவாக்கப்படும் விளையாட்டுகளைப் பற்றி கிளார்க் ஆப்ட் 1970-ல் 'சீரியஸ் கேம்ஸ்' என்ற நூலை எழுதினார். புள்ளி, பதக்கம், தரவரிசை போன்ற விளையாட்டுக் கூறுகளைப் பிற துறைகளில் சேர்க்கும் முறை 'கேமிஃபிகேஷன்' என்ற பெயரில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவலானது. இவ்விரண்டும் வேறானவை. முன்னது ஒரு சூழலை உருவாக்கி அதில் முடிவெடுக்க வைக்கிறது. பின்னது ஏற்கெனவே உள்ள பாடத்திற்குப் பரிசு சேர்க்கிறது. தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சியில் இரண்டும் ஒரே பெயரில் வழங்கப்படுவதால் குழப்பம் ஏற்படுகிறது.

சீட்டு விளையாட்டு, பலகை விளையாட்டு, கைப்பேசி வினாடி வினா, பூட்டிய அறையிலிருந்து துப்புகளைக் கொண்டு வெளியேறும் விளையாட்டு ஆகியவை இதன் வடிவங்கள். உலகச் சுகாதார அமைப்பும் கைத் தூய்மைக்காக 'மை ஃபைவ் மொமென்ட்ஸ்: தி கேம்' என்ற விளையாட்டை வெளியிட்டுள்ளது.

சிறப்புகள்

ஆண்டுக்கு ஒருமுறை படவில்லைகளைக் காட்டிக் கையெழுத்து வாங்கும் பயிற்சியைவிட விளையாட்டு மேலானது. தவறு செய்தால் யாருக்கும் நோய் வராது. தவறின் விளைவு உடனே தெரிகிறது. புற ஊதா ஒளியில் ஒளிரும் களிம்பைக் கையில் தடவிக் கழுவச் செய்யும் பயிற்சி இதற்கு எடுத்துக்காட்டு. கட்டைவிரலும் நக இடுக்கும் விடுபட்டதைப் பணியாளர் தம் கண்ணாலேயே காண்கிறார். சானிடைசர் எல்லாவற்றுக்கும் போதும் என்ற எண்ணத்தையும் விளையாட்டு எளிதில் திருத்தும். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளைச் சானிடைசர் அழிப்பதில்லை. சோப்பும் நீரும் கொண்டு கழுவியே அவற்றை அகற்ற வேண்டும்.

வரம்புகள்

இவ்விளையாட்டுகள் பலவற்றின் அடிப்படை, உலகச் சுகாதார அமைப்பு 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள 'கைத் தூய்மைக்கான ஐந்து தருணங்கள்' ஆகும். அது மருத்துவமனைப் படுக்கையையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் எல்லையாகக் கொண்டது. பராமரிப்பு இல்லம் மருத்துவமனை அல்ல, அங்கு வாழ்பவரின் வீடு. மறதி நோயுள்ள முதியவர் அறை அறையாக நடக்கிறார், பிறர் தட்டிலிருந்து உண்கிறார், பணியாளரின் கையைப் பற்றிக்கொள்கிறார். முகக்கவசம் அணிந்த முகம் அவருக்கு அச்சமூட்டலாம். நீண்டகாலப் பராமரிப்பு இடங்களுக்கென உலகச் சுகாதார அமைப்பு 2012-ல் தனி வழிகாட்டியை வெளியிட்டது இத்தகைய வேறுபாடுகளை ஒட்டியே. ஆகவே படுக்கை ஓரத்தை மட்டும் காட்டும் விளையாட்டு பாதிப் பாடத்தையே நடத்துகிறது.

இரண்டாவது வரம்பு நேரம். சானிடைசர் கொண்டு கையைத் தேய்க்க 20 முதல் 30 நொடிகளும், சோப்பால் கழுவும் முழுச் செயலுக்கு 40 முதல் 60 நொடிகளும் தேவை. விளையாட்டில் ஒரே தொடுதலில் கை தூய்மையாகிவிடுகிறது. இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஒருவரை மூன்று அறைகளிலிருந்து மணியடித்து அழைக்கும் நிலையை அது காட்டுவதில்லை.

மூன்றாவது வரம்பே தலையாயது. தொற்றை ஒரு தனிமனிதரின் கை செய்த பிழையாகவே இவ்விளையாட்டுகள் சித்திரிக்கின்றன. 2020-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் கிங் கவுண்டியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொரோனா பரவியது. அந்த மார்ச் மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட அறிக்கை, அந்த இல்லத்தோடு தொடர்புடைய 129 பேருக்குத் தொற்று இருந்ததையும் 23 பேர் இறந்ததையும் பதிவு செய்தது. நோய் பரவியதற்கான காரணங்களில் பாதுகாப்பு முறைகளில் போதிய பழக்கமின்மையும் இடம்பெற்றது. அதனுடன் அறிகுறிகளோடு பணியாளர்கள் வேலைக்கு வந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்தது, பாதுகாப்புப் பொருள்களின் பற்றாக்குறை, குறைந்த பரிசோதனை வசதி ஆகியவையும் சுட்டப்பட்டன. இப்பட்டியலில் பயிற்சியால் நேரடியாகத் தீர்வது முதல் காரணம் மட்டுமே.

இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களில் நடந்த 'விவால்டி' ஆய்வின் முடிவுகள் 2020 ஜூலையில் வெளிவந்தன. பணியாளருக்கு நோய்விடுப்பு ஊதியம் தரும் இல்லங்களில் முதியவர்களிடையே தொற்று குறைவாகவும், ஏஜென்சி ஊழியர்களை அடிக்கடி அழைக்கும் இல்லங்களில் அதிகமாகவும் இருந்ததை அது காட்டியது. அப்போது பிரிட்டனில் சட்டப்படியான நோய்விடுப்பு ஊதியம் வாரத்திற்கு 95.85 பவுண்டு. காய்ச்சலோடு வேலைக்குச் செல்லக்கூடாது என்பது ஒரு பணியாளருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. தெரிந்தும் அவர் செல்ல நேர்ந்ததற்கான காரணம் வீட்டு வாடகையாக இருக்கலாம். வினாடி வினாவில் அவர் முழு மதிப்பெண் பெற்றாலும் அந்நிலை மாறாது.

மதிப்பீட்டில் உள்ள சிக்கல்

டொனால்டு கிர்க்பாட்ரிக் பயிற்சியின் பயனை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: பங்கேற்றவரின் கருத்து, கற்றல், நடத்தை மாற்றம், விளைவு. விளையாட்டுப் பயிற்சிகளில் முதல் இரண்டையும் அளப்பது எளிது. பங்கேற்றவர்கள் மகிழ்ந்தார்கள், மதிப்பெண் உயர்ந்தது என்று அறிக்கை தரலாம். ஆறு மாதம் கழித்துக் கை கழுவும் பழக்கம் நிலைத்ததா, தொற்று குறைந்ததா என்பதை அறிய நீண்ட கண்காணிப்பு தேவை. மதிப்பெண்ணையே சான்றாகக் கொள்ளும்போது ஒரு தீங்கும் உண்டு. தொற்று வந்தால், 'பயிற்சி தந்தோமே' என்று நிர்வாகம் பணியாளரைக் கைகாட்ட அது வழிசெய்கிறது.

மதிப்பீடு

விளையாட்டு வடிவத்தைக் கைவிட வேண்டும் என்பது இவ்விமர்சனத்தின் பொருள் அல்ல. சூழலை உருவாக்கி முடிவெடுக்க வைப்பதே விளையாட்டின் வலிமை. ஆட்கள் குறைந்த இரவு, தீர்ந்துபோன கையுறைப் பெட்டி, விடுப்பு எடுத்தால் இழக்கும் ஊதியம் ஆகியவையும் சீட்டுகளாக ஆட்டத்தில் இடம்பெற வேண்டும். பணி அட்டவணையையும் ஊதியத்தையும் தீர்மானிக்கும் மேலாளரும் உரிமையாளரும் அதே மேசையில் அமர்ந்து ஆட வேண்டும். அப்போதுதான் விதிகளை மாற்றக்கூடியவர்கள் அவ்விதிகளின் விளைவைக் காண்பார்கள். பணியாளர் மட்டுமே ஆடும் விளையாட்டில் அவர் வெல்லலாம். அந்த வெற்றி அறையில் படுத்திருக்கும் முதியவரைச் சென்றடையும் என்பதற்கு உறுதியில்லை.