பட்டம் பெறும் நாளில் ஹகமா

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு மார்ச் மாதத்தில் நிறைவு பெறுகிறது. பட்டமளிப்பு நாளில் மாணவியர் பலர் கிமோனோவின் மேல் மடிப்பு வைத்த ஹகமா என்னும் இடுப்பு உடையைக் கட்டி வருவது அங்கு வழக்கம். அங்கே படித்து முடித்த வெளிநாட்டு மாணவியரும் தாயகம் திரும்புமுன் அதே உடையில் பட்டம் பெற விரும்புகிறார்கள். இதைச் சுற்றுலா வந்தவர்கள் கோயில் வாசலில் வாடகைக் கிமோனோ உடுத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு சேர்த்து எண்ணுவோர் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பட்டமளிப்பு ஹகமா பிறப்பால் உரிமையாகும் உடையன்று, படிப்பால் உரிமையாகும் உடை. அதன் வரலாறே இதற்குச் சான்று.

பழங்காலத்து அரண்மனைப் பெண்கள் ஹகமா உடுத்தியதுண்டு. ஆனால் பிற்காலத்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்கு அது ஆண்களின் உடையாகவே இருந்தது. மெய்ஜி பேரரசர் காலத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. நாற்காலியில் அமர்ந்தாலும் விரைந்து நடந்தாலும் கிமோனோவின் முன்பக்கம் விலகிவிடும். 1875இல் தோக்கியோவில் தொடங்கிய பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் மாணவியர் ஆண்களின் ஹகமாவையே உடுத்த, அது கடும் கண்டனத்துக்கு ஆளானது. 1885இல் உயர்குடிப் பெண்களுக்கான பள்ளி உருவானபோது, அங்கே பொறுப்பில் இருந்த கல்வியாளர் ஷிமோதா உதாகோ, கால் பிரிவில்லாமல் பாவாடைபோல் அமைந்த கருஞ்சிவப்பு ஹகமாவை மாணவியருக்கென்று வகுத்ததாகச் சொல்லப்படுகிறது. அதைக் கண்டதும் படிக்கிற பெண் என்று தெருவில் அடையாளம் கண்டுகொண்டார்கள். 1920களில் மாலுமிச் சட்டைச் சீருடை வந்து அன்றாட ஹகமாவை விலக்கிவிட்டது. பின்னர் பட்டமளிப்பு நாளின் உடையாக அது மீண்டது.

இடையில் அறுந்து மீண்டதை மரபு என்று சொல்லலாமா என்று கேட்கலாம். 1975இல் வெளிவரத் தொடங்கிய ஒரு புகழ்பெற்ற மாங்கா சித்திரக்கதையும் ஹகமாவை மீண்டும் விரும்பத்தக்கதாக்கியது உண்மைதான். ஆனால் மீண்டபோதும் அது கல்விக்கூடத்தைச் சார்ந்தே மீண்டது. திருமண உடையாக அது மாறவில்லை. உடை தன் பொருளைக் கைவிடாதவரை, இடையில் விடுபட்ட ஆண்டுகள் குறையாகா.

இன்னும் கனமான எதிர்வாதம், பிறர் பண்பாட்டை எடுத்து அணிவது முறையா என்பது. 2015இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், ஓவியர் மோனே தீட்டிய, கிமோனோ அணிந்த பெண்ணின் ஓவியத்தின் முன் பார்வையாளர்கள் கிமோனோ அணிந்து பார்க்க ஏற்பாடு செய்தபோது போராட்டம் எழுந்தது. கிமோனோவை யாரும் அணியலாம் என்று ஜப்பானியர் சிலர் எதிர்க்குரல் கொடுத்தார்கள். எனினும் போராடியவர்களின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். உடைக்குப் பின்னுள்ள வாழ்க்கையை அறியாமல் உடையை மட்டும் எடுத்துக்கொள்வதையே அவர்கள் கண்டித்தார்கள். அந்நாட்டு வகுப்பறையில் அந்நாட்டு மொழியில் தேறியவரை அக்கண்டனம் தொடாது. பிறநாட்டு உடையை அணிந்தால் தன் அடையாளத்தை இழக்க நேரும் என்ற அச்சத்துக்குச் சீனப் புரட்சியாளர் சியூ ஜின் நல்ல விடை. அவர் 1904இல் ஜப்பான் வந்து, ஷிமோதா நிறுவிய ஜிஸ்ஸென் பெண்கள் பள்ளியில் பயின்றவர். கிமோனோ உடுத்திக் கையில் குறுவாளுடன் அவர் எடுத்துக்கொண்ட படம் புகழ்பெற்றது. 1907இல் தம் நாட்டு விடுதலைக்காகவே அவர் தலை கொடுத்தார்.

உடுத்துவதென்றால் எந்த முறைப்படி? தாயிடமிருந்து மகள் கற்ற கலை இரண்டாம் உலகப் போருக்குப்பின் தளர்ந்தபோது, கிட்சுகே எனப்படும் உடுத்தும் கலைக்குத் தனிப் பள்ளிகள் தோன்றின. யமனக்கா நோரியோ 1964இல் சோதோ பள்ளியை நிறுவினார். அடுத்து வேறு பள்ளிகளும் வந்து, தரநிலைகளும் சான்றிதழ்களும் பெருகின. சில பள்ளிகள் நெகிழ்பட்டை, கவ்வி, ஓபி என்னும் இடைக்கச்சைக்குள் செருகும் அட்டை ஆகியவற்றை நம்புகின்றன. சில, வெறும் கையால் முடிவதையே கலை என்கின்றன. இடுப்பில் துவாலை சுற்றி உடலை உருளைபோலாக்கி, ஒரு சுருக்கமும் தெரியாமல் கட்டுவது இன்று பரவலாக மதிக்கப்படும் அளவுகோல். ஆனால் மெய்ஜி காலத்திலும் அதையடுத்த தைஷோ காலத்திலும் எடுத்த படங்களில் கழுத்துப்பட்டி தளர்ந்தும் மடிப்புகள் நெகிழ்ந்தும் இருப்பதைக் காணலாம். ஆகவே சுருக்கமின்மையைப் பண்டைய விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. கிமோனோவின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வரவேண்டும் என்பது வேறு வகை. 719ஆம் ஆண்டின் அரசாணையில் வேரூன்றிய முறை அது. மாற்றிக் கட்டுவது இறந்தவர்க்கு உரியது. இவ்விதியைத் தவறவிட்டால் விழாவில் நிற்கும் பெரியவர்கள் மனம் பதறுவார்கள். ஹகமாவின் நீளமும் அப்படியே கவனிக்கத்தக்கது: ஜோரி செருப்புக்குக் கணுக்கால்வரை, பூட்ஸ் அணிந்தால் சற்றுக் குட்டை. ஃபுரிசோதே என்னும் கிமோனோ வகையின் நீண்ட கையைவிட, ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் கையுள்ள கிமோனோவே ஹகமாவுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. நீண்ட கை கொண்டாட்டத்தைக் காட்டும், குட்டைக் கை படிப்பைக் காட்டும்.

வாடகைக்கு எடுப்பதில் குறையில்லை. ஜப்பானிய மாணவியரில் பலரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் கட்டிவிட ஆளைத் தேடுவதோடு நிற்க வேண்டாம். அகன்ற ஓபியை முதுகில் பெரிய முடிச்சாக்கும் வேலை இங்கில்லை. ஓபியின் விளிம்பு மட்டுமே வெளியே தெரியும் என்பதால் ஹகமா முழுக் கிமோனோவைவிட எளிது. இப்போது ஜப்பானில் படித்துக்கொண்டிருக்கும் மாணவியர் மார்ச் மாதத்துக்கு முன்பே ஒரு கிட்சுகே வகுப்பில் சேர்ந்து, தம் ஹகமாவைத் தாமே கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.