429 கோடிக்குள் ஒரு 641

எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், தயங்காமல் 4294967297 என்பேன். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பார்த்தவுடன் கவரும் எண் அல்ல. 2³²-உடன் ஒன்றைக் கூட்டினால் இது வரும்.

2-க்கு அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று வைத்து ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசை முழுவதும் பகா எண்களாகவே இருக்கும் என்று 1640-ல் ஃபெர்மா நம்பினார்; நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. வரிசையில் ஆறாவதாக வருவதுதான் நம் எண். ஃபெர்மாவின் இந்தக் கூற்றைப் பற்றி 1729-ல் கோல்ட்பாக் ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். 1732-ல், பீட்டர்ஸ்பர்கில் இருந்த 25 வயது ஆய்லர் அந்த எண்ணை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

641 எப்படிச் சிக்கியது? இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அது 64-ன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் பிற்பாடு நிறுவினார். அந்த வகையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை! இதற்கு அடிப்படையான தேற்றமும் ஃபெர்மாவுடையதே என்பதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

ஆனால் நான் மயங்குவது இதைவிட, பாடநூல்களில் இன்று காணப்படும் குறுநிரூபணத்தில்தான். பெரிய வகுத்தல் எதுவும் அதில் கிடையாது. 641-க்கு இரண்டு முகங்கள். ஒன்று, 640 + 1. அந்த 640 என்பது 5 × 2⁷. மற்றொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இரண்டாவதை 2²⁸-ஆல் பெருக்குங்கள்: 640⁴ + 2³² வரும். அது 641-ன் மடங்கு. இனி 640⁴ – 1-ஐப் பாருங்கள். 640² – 1 என்பது 639 × 641. ஆகவே 640⁴ – 1-உம் 641-ன் மடங்கே. முதலாவதிலிருந்து இதைக் கழித்தால் 640⁴ மறைந்து, மிஞ்சுவது 2³² + 1. நம் எண்ணேதான்! இரண்டு மடங்குகளின் வித்தியாசமும் மடங்குதானே? ஐந்தும் இரண்டும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. சிறிய எண்கள் இத்தனை இசைவாகக் கூடி ஒரு பெரிய எண்ணைத் திறப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

தொடக்கத்தில் பார்த்த 3 முதல் 65537 வரையிலான அந்த ஐந்து பகா எண்களுக்கும் தனி மதிப்பு உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று 1796-ல் காஸ் கண்டது அவற்றில் ஒன்றை வைத்துத்தான். 65537-க்கு அப்பால் இந்த வரிசையில் இன்றுவரை இன்னொரு பகா எண் கிடைக்கவில்லை.

படித்ததோடு விட்டுவிடாதீர்கள். தாளை எடுத்து அந்தக் கழித்தலை ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள்.