காதில் தொடங்கும் கவிதை: சில்வியா பிளாத்தின் ‘டாடி’யை எப்படி ரசிப்பது

கவிஞர் சில்வியா பிளாத்தின் ‘டாடி’யைப் படிப்பதற்கு முன்பே அவருடைய வாழ்க்கைக் கதை பலர் காதுக்கு வந்துவிடுகிறது. எட்டு வயதில் அப்பாவை இழந்தவர். கவிஞர் டெட் ஹியூஸை மணந்து பிரிந்தவர். 1963 பிப்ரவரியில், முப்பது வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். இதையெல்லாம் தெரிந்துகொண்டு கவிதைக்குள் போகிற வாசகர் வழக்குக் கட்டைப் புரட்டுவதுபோல அதைப் புரட்டத் தொடங்குகிறார். இந்த வரி அப்பாவைப் பற்றி, அந்த வரி கணவரைப் பற்றி என்று குறித்துக்கொண்டே போனால் கடைசியில் குறிப்புகள் மிஞ்சும், கவிதை கைநழுவிவிடும்.

வாழ்க்கையைச் சற்று நேரம் வாசலில் நிறுத்திவைக்கலாம். முதலில் காது.

1962 அக்டோபர் 30 அன்று, கவிதையை எழுதிப் பதினெட்டே நாளில், பிளாத் அதைத் தன் குரலில் வாசித்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாதவருக்கும் ஒன்று உடனே கேட்கும்: ‘ஊ’ என்ற ஒலி. ஐந்தைந்து வரிகளாகப் பதினாறு பத்திகள், மொத்தம் 80 வரிகள். அவற்றில் ஏறக்குறைய பாதி அந்த ஒரே ஒலியில்தான் முடிகின்றன. வரிக் கடைசியில் ஒலி ஒன்றிவருவதை நம் யாப்பு இயைபு என்று சொல்கிறது. வழக்கமான ஆங்கிலப் பாட்டில் இயைபு ஓர் ஒழுங்கோடு வந்துபோகும். இங்கே ஒழுங்கு இல்லை. சில பத்திகளில் அடுக்கடுக்காக விழுகிறது, சிலவற்றில் காணாமல்போய் எதிர்பாராத இடத்தில் திரும்பி வருகிறது. குழந்தையின் அழுகை, ஆந்தையின் அலறல், ரயிலின் கூவல் மூன்றையும் அந்த ஒலி நினைவூட்டும். கவிதையின் நடுவில் ஒரு ரயில் உண்மையிலேயே வருகிறது, வதைமுகாமுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ரயில்.

மெட்டு குழந்தைப் பாட்டினுடையது. காலணிக்குள் குடியிருந்த கிழவியைப் பற்றிய பழைய ஆங்கிலப் பாலர் பாட்டு தொடக்கத்திலேயே மெல்ல எட்டிப்பார்க்கிறது. அந்தத் துள்ளலான தாளத்தில் சொல்லப்படுவதோ ஒரு மகள் செத்துப்போன அப்பாவை மறுபடி கொல்லும் கதை. கவிதையின் பயங்கரம் முழுவதும் இந்தப் பொருத்தமின்மையில் இருக்கிறது. சொல் பெரியவளுடையது, தாளம் குழந்தையுடையது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

அடுத்து படிமங்கள். பட்டியல் போட்டால் தலைசுற்றும்: காலணி, சிலை, முள்வேலி, கரும்பலகை, சாத்தான், தொலைபேசி, ரத்தக் காட்டேரி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாதிரி தோன்றும். ஆனால் காலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கவிதை தானாக வழிவிடுகிறது.

முதல் பத்தியில் அப்பா ஒரு கறுப்புக் காலணி. மகள் அதற்குள் மூச்சுவிடக்கூட முடியாமல் முப்பது வருடம் அடைபட்டுக் கிடந்த வெளுத்த கால். இரண்டாம் பத்தியில் அவர் ஒரு மாபெரும் சிலையாகிறார். அதன் சாம்பல் நிறக் கால்விரல் ஒன்று சான் பிரான்சிஸ்கோவின் கடல்நாய் அளவுக்குப் பருத்திருக்கிறது, தலையோ அட்லாண்டிக் கடலில். அமெரிக்கக் கண்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீண்டுகிடக்கும் பிணம். பின்னால் முகத்தில் மிதிக்கும் பூட்ஸ் வருகிறது. சாத்தானுக்குப் பிளவுபட்ட குளம்பு உண்டென்பது மேற்கத்திய நம்பிக்கை. இந்த அப்பாவுக்குப் பிளவு காலில் இல்லை, தாடையில் இருக்கிறது என்கிறாள் மகள். முடிவில் காட்டேரியான அப்பாவின் மேல் ஊர்மக்கள் ஏறி ஆடி மிதிக்கிறார்கள். காலாக அடைபட்டவளின் பக்கத்துக்குக் கடைசியில் ஓர் ஊரே கால்களோடு வந்து சேர்கிறது.

நாக்கைப் பிடித்துக்கொண்டும் இதேபோலப் போகலாம். அப்பாவிடம் பேச முடியாமல் அது தாடையில் ஒட்டிக்கொள்கிறது, முள்கம்பியில் சிக்குகிறது. ஜெர்மன் மொழியில் ‘நான்’ என்ற ஒற்றைச் சொல் நான்கு முறை திக்கித் திக்கி வருகிறது. அந்த இடத்தை உரக்க வாசித்தால் வாசிப்பவர் தொண்டையும் அடைக்கும்.

வாசலில் நின்ற வாழ்க்கையை இப்போது உள்ளே அழைக்கலாம். சில்வியாவின் அப்பா ஆட்டோ பிளாத் ஜெர்மனியில் பிறந்து இளம்வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்தவர்; பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்; வண்டுத்தேனீக்களைப் பற்றி 1934இல் நூல் வெளியிட்டவர். கண்டுபிடிக்கப்படாத நீரிழிவு, அடிபட்ட கால்விரல், அழுகல் என்று முற்றி, காலை எடுத்தும் பிழைக்காமல் 1940 நவம்பரில் இறந்தார். சிலையின் பருத்த கால்விரல் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். கரும்பலகை முன் அவர் நிற்கும் புகைப்படமும் இருக்கிறது.

இனிமேல்தான் சுவை. அப்பா இறந்தபோது சில்வியாவுக்கு வயது எட்டு. கவிதையில் வரும் மகளுக்குப் பத்து. இருபதில் அவள் சாக முயல்கிறாள், இது சில்வியாவுக்கு 1953இல் நடந்தது. காலணிக்குள் கிடந்த காலமோ முப்பது. எழுதிய நாளில் கவிஞருக்கு முப்பது நிறையச் சில நாட்கள் பாக்கி. பத்து, இருபது, முப்பது என்ற அடுக்குக்காக உண்மை வளைக்கப்பட்டிருக்கிறது. மணவாழ்க்கை நீடித்தது ஆறு ஆண்டுக்குச் சற்று மேல். கவிதையில் அப்பாவைப் போலவே காட்டேரியாக வரும் கணவன் ரத்தம் குடிப்பது ஏழு ஆண்டு, தேவதைக் கதைகளின் எண். ஆட்டோ பிளாத் நாஜியும் அல்ல. பிபிசிக்காக எழுதிய அறிமுகக் குறிப்பில் பிளாத் இந்தப் பெண்ணைத் தன்னிலிருந்து வேறான ஒரு பாத்திரமாகவே அறிமுகப்படுத்தினார்: அப்பாவைக் கடவுளென்று நினைத்திருந்த வயதில் அவரை இழந்தவள், அப்பா நாஜி, அம்மா ஒருவேளை ஓரளவு யூத வம்சத்தவர்.

கவிஞர் ராபர்ட் லோவலின் ‘லைஃப் ஸ்டடீஸ்’ தொகுப்பைப் பற்றி 1959இல் எழுதும்போது விமர்சகர் எம்.எல்.ரோசென்தால் சொந்த அந்தரங்கத்தை வெளிப்படையாகப் பேசும் கவிதைக்கு வாக்குமூலக் கவிதை என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிளாத்தும் கவிஞர் ஆன் செக்ஸ்டனும் லோவலின் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அந்தரங்கத்தைத் துணிந்து பேசலாம் என்ற அனுமதியைப் பிளாத் அங்கே பெற்றிருக்கலாம். ஆனால் ‘டாடி’யில் அவர் பேசியது அந்தரங்கத்தின் நகல் அல்ல.

சங்கடமான இடம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஒரு வீட்டுத் துயரத்தைச் சொல்ல ஆஷ்விட்ஸ், டாஹாவ் என்ற நாஜி வதைமுகாம்களை இரவல் வாங்கலாமா? நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை 1961இல் ஜெருசலேமில் நடந்து உலகமே அதைப் பார்த்திருந்த நேரம் அது. விமர்சகர் ஜார்ஜ் ஸ்டைனர் இக்கவிதையைப் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியத்துக்கு ஒப்பிட்டார், அதே கட்டுரையில், அந்த முகாம்களில் துன்புறாத ஒருவருக்கு இந்த உரிமை உண்டா என்றும் கேட்டார். நம் அனுதாபத்தைக் கவிதை அளவுமீறிக் கோருவதாகக் கவிஞர் சீமஸ் ஹீனி கருதினார். அந்த ஆட்சேபம் நியாயமானது. கவிதையின் வலிமையும் அந்த மிகையில்தான் இருக்கிறது என்பதும் மெய். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை வாசிக்க வேண்டும். எதையாவது ஒன்றை விட்டால் வாசிப்பு குறைபட்டுவிடும்.

மகள் விடுபட்டாளா என்பது இன்னொரு கேள்வி. கறுப்புத் தொலைபேசி வேரோடு பிடுங்கப்பட்டது, காட்டேரியின் நெஞ்சில் ஆப்பு இறங்கியது, எல்லாம் முடிந்தது என்கிறாள். ஆனாலும் கடைசி வரியில் வசவோடு சேர்ந்து வருவது அதே குழந்தையின் விளிதான்.

இந்தக் கவிதையோடு சேர்த்துப் படிக்கவேண்டியது, 1959இல் பிளாத் எழுதிய ‘த கொலாசஸ்’. அதிலும் ஐந்து வரிப் பத்திகள், அதிலும் அப்பா ஓர் உடைந்த மாபெரும் சிலை. அங்கே மகள் பசையும் கிருமிநாசினி வாளியும் சுமந்து ஏறி அந்தச் சிலையை ஒட்டிக் கழுவிக்கொண்டிருக்கிறாள். இரவில் காற்றுக்கு ஒதுங்கி அதன் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறாள். குரல் நிதானமானது, இயைபின் துள்ளல் கிடையாது. மூன்று ஆண்டு கழித்து, டெவன் கிராமப்புறத்தில், பிள்ளைகள் விழிக்குமுன் விடியற்காலையில் எழுந்து எழுதிய நாட்களில், அப்பாவின் துறையான தேனீக்களைப் பற்றி அதே ஐந்து வரி அமைப்பில் வரிசையாகச் சில கவிதைகள் எழுதினார். அவற்றை முடித்த சில நாட்களில், அக்டோபர் 12 அன்று, ‘டாடி’ வந்தது. ‘த கொலாசஸ்’ஸை முதலிலும் ‘டாடி’யை அடுத்தும் ஒரே அமர்வில் உரக்க வாசித்தால், அதே சிலையும் அதே ஐந்து வரியும் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பது காதுக்கே தெரியும்.